வாசற்படி மிதிக்காத நான்கு நாள்

ராதா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் முதலுதவிப் பெட்டி. கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தவள், திரும்பி நின்று, கேட்டை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

மந்தைவெளியில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டு வாசலில், வீட்டுக்குள் விடமாட்டேன் என்று என் மனைவி எனக்குச் சொன்ன விதம் அது. வெள்ளிக்கிழமை. காலை வெயில் அப்போதுதான் சுவர்களில் இருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ குக்கர் கத்தியது. எங்கள் வீட்டுக் குக்கராகவும் இருக்கலாம்.

என் மகள் மைத்ரி பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. இடது முழங்கையில் தோல் வழன்று, ரத்தம் மணிக்கட்டு வரை ஓர் ஒழுங்கற்ற கோடாக வந்து காய்ந்திருந்தது. அவளுடைய சைக்கிளும் என்னுடைய சைக்கிளும் மூட்டை முடிச்சுகளோடு மதில்மேல் சாய்ந்து நின்றன, கல்யாணத்துக்கு வந்து மண்டபம் தெரியாமல் நிற்கும் இரண்டு உறவினர்களைப்போல.

"உள்ள வெச்சு மருந்து போடலாமே" என்றேன்.

"உள்ள வரப்படாது" என்றாள் ராதா. "பரஸ்தானம் போயிருக்கேள். கையை நீட்டுடி."

## கிளம்பாமல் கிளம்புவது

பரஸ்தானம் என்றால் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே அந்த வாரம்தான் தெரியும்.

சிதம்பரம்வரை சைக்கிளில் போவது எங்கள் திட்டம். நானும் மைத்ரியும் மட்டும். கடற்கரைச் சாலை வழியே மூன்று நாள். முதல் இரவு கல்பாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில். அந்த நண்பர் ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் திரும்புகிறார். ஆகவே ஞாயிறு காலை கிளம்பலாம் என்று நினைத்திருந்தோம்.

அதற்குள் மேற்கு மாம்பலத்தில் இருந்து அம்பி மாமா போன் செய்தார். ராதாவின் அண்ணா. மைத்ரிக்கு மாமா என்பதால் எனக்கும் மாமா ஆகிவிட்டவர்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சந்திராஷ்டமம். யாத்திரை தொடங்கவே படாது. புதன்கிழமை ஏ கிளாஸா இருக்கு. காலம்பற ஏழரைக்குள்ள கிளம்பிடுங்கோ."

"ஞாயித்துக்கிழமைதானே மாமா அங்க எடம்?"

"அதுக்குத்தான் பரஸ்தானம்னு ஒண்ணு வெச்சிருக்கா. புதன்கிழமை மூட்டையைத் தூக்கிண்டு எங்காத்துக்கு வந்துடுங்கோ. கணக்குப்படி யாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை இங்கேர்ந்து அப்படியே போயிண்டே இருங்கோ. நடுவுல உங்காத்து வாசப்படி மட்டும் மிதிக்கப்படாது. மிதிச்சா எல்லாம் போச்சு."

நல்ல நாளும் வண்டி ஏறும் நாளும் ஒத்துவராதபோது நம் ஆட்கள் கண்டுபிடித்த சமாதானம் அது. ஊரைவிட்டுப் போகாமல் ஊரைவிட்டுப் போய்விடுவது.

நான் சிரித்தேன். ராதா சிரிக்கவில்லை. அவள் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பஞ்சாங்கத்தை லீவு பார்ப்பதற்குத் தவிரத் திறக்காதவள். அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, "சரிண்ணா, புதன்கிழமை ரெண்டு பேரையும் அனுப்பிடறேன்" என்றாள்.

ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

## முட்டுக்காட்டில் ஒரு பொய்

பாதியில் விட்டவற்றைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். மூன்று மாதத்தில் விட்டுவந்த புனே வேலை. இரண்டு வர்ணத்தோடு நின்ற வயலின். நாற்பதாம் பக்கத்தில் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பியே வராத நாவலின் நாயகன். எழுதும்போது அவையெல்லாம் கொஞ்சம் அழகாகவே தெரிந்தன. சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அழகில்லாதது.

இரண்டு வருடம் முன்பு இதே மைத்ரியோடு மாமல்லபுரம் கிளம்பினேன். இரண்டு நாள் பயணம். அவளுக்கு அப்போது பதின்மூன்று. முட்டுக்காடு பாலத்தின் மேல் போகும்போது காற்று எதிரே வந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், இரண்டிலும் வெயில் உடைந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. திடீரென்று வேறெங்காவது இருக்கவேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். என்னை என் வாழ்நாள் முழுக்க இழுத்துக்கொண்டு போகும் அந்தக் கை, தோளில் விழுந்தது.

பிரேக் பிடித்தேன்.

"என்னப்பா?"

"செயின் சரியில்ல. திரும்பிடலாம்."

மைத்ரி குனிந்து என் செயினைப் பார்த்தாள். செயின் நன்றாக இருந்தது. எண்ணெய் மினுமினுக்க, பல்லில் பல் பதிந்து, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சைக்கிளைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பொய் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. "செயின் அறுந்துடுத்து. தள்ளிண்டே வந்து ஒரு கடையில புது செயின் வாங்கி நானே மாத்தினேன்" என்று ராதாவிடம் சொன்னேன். ராதா மகள் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்மா" என்றாள் மைத்ரி.

அந்த ஒரு சொல்லைத்தான் இரண்டு வருடமாக என்னால் எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை சைக்கிளில் எங்கும் கூப்பிடவில்லை. காலையில் தனியாக பெசன்ட் நகர்வரை போய்விட்டு வருவாள். நானும் வரட்டுமா என்று கேட்டால், "தூங்குப்பா" என்பாள்.

இந்த விடுமுறையில்தான் மறுபடி கேட்டாள், சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி.

"சிதம்பரம் போலாமா? இந்தத் தடவையும் திரும்பினா இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன். கோவிச்சுக்கல்லாம் மாட்டேன். கூப்பிட மாட்டேன், அவ்ளோதான்."

"திரும்ப மாட்டேன்" என்றேன்.

## மந்தைவெளியிலிருந்து மாம்பலம்

ஆக, புதன்கிழமை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். கூடாரம், பாய், ஸ்டவ், மாற்றுத்துணி, பஞ்சர் சாமான், எட்டு பாட்டில் தண்ணீர். சிதம்பரத்துக்கான சுமை முழுவதும். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேற்கு மாம்பலத்துக்கு.

அம்பி மாமா வீட்டில் மூட்டையை வைத்துவிட்டு நாலு நாளும் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டிருந்தேன். மைத்ரி அதை அடித்துவிட்டாள்.

"கிளம்பியாச்சுன்னா கிளம்பியாச்சு. தினம் முப்பது கிலோமீட்டர். லோடோட."

"எங்க போறது?"

"ஊர் சுத்தறவா எங்க போவா? ஊரைச் சுத்துவா."

சுற்றினோம். முப்பது வருடமாக நான் குடியிருந்த நகரத்தை ஒரு வெளியூர்க்காரனாகச் சுற்றினேன். வியாழன் காலை மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அருகே கறிவேப்பிலையும் பூவும் டீசலும் கலந்த வாசனையில் நின்று டீ குடித்தோம். ரயிலில் இருந்து இறங்கியவர்கள் எங்கள் மூட்டைகளை இடித்துக்கொண்டு ஓடினார்கள். எல்லோருக்கும் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது. எனக்கு அது இல்லாமல் இருந்தது. இல்லாமல் இருந்தும் நான் தப்பித்து ஓடவில்லை என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கவனித்துக்கொண்டேன்.

டீ மாஸ்டர் சைக்கிள்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கேர்ந்து வர்ரீங்க சார்?"

"மந்தைவெளி."

"எப்ப கெளம்பினீங்க?"

"நேத்து காலைல."

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "அந்தப் பக்கம் டிராபிக் அவ்ளோ மோசமாவா கீது?"

மைத்ரிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். ஊரில் உள்ள எல்லா டீக்கடைக்காரர்களிடமும் போய் மந்தைவெளியில் இருந்து வருகிறோம் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

அன்று இரவு அம்பி மாமா இன்னொரு விதி சொன்னார். "ஒரே ஆத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல தங்கினா பரஸ்தானம் செல்லாது மாப்பிள்ளை." இது பஞ்சாங்கத்தில் இருந்ததா, ஆறு பேருக்கு ஒரே குளியலறை உள்ள அவர் வீட்டு நடைமுறையில் இருந்ததா என்று தெரியவில்லை. ராதாவுக்கு போன் போட்டோம். அவள் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் ஸ்டெல்லா, பெசன்ட் நகர் கடலோரத்து மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்தில் இருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மாம்பலத்தில் இருந்து குப்பத்துக்குக் கிளம்பினோம். மைத்ரியின் கேரியரில் பையைக் கட்டியது நான். கட்டும்போது மாமா ஏதோ கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே கயிற்றின் நுனியைச் சொருகாமல் விட்டுவிட்டேன்.

வெங்கட்நாராயணா சாலையில், நந்தனத்தை நெருங்கும் இடத்தில், அந்த நுனி அவள் பின்சக்கரத்துக்குள் போனது. பின்னால் வந்துகொண்டிருந்த நான் பார்த்தேன். முதலில் கயிறு ஆடியது. பிறகு கயிறு இல்லை. பிறகு சக்கரம் சுற்றவில்லை. பிறகு என் மகள் சாலையில் கிடந்தாள். ஓர் ஆட்டோ அவள் தலைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது.

எழுந்து உட்கார்ந்து முழங்கையைப் பார்த்தாள். அதுவரை அழாதவள், ரத்தத்தைப் பார்த்ததும் அழுதாள்.

"ஆத்துக்குப் போலாம்ப்பா."

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் மெருகேற்றிச் சொல்ல முடியாது. அவள் அப்படிச் சொன்னதும் என் நெஞ்சுக்குள் ஒரு பூட்டு திறந்தது. பயமும் இருந்தது, குற்ற உணர்வும் இருந்தது. இரண்டுக்கும் அடியில், குளிர்ந்த தண்ணீர்போல, ஒரு நிம்மதி ஓடியது. வீட்டுக்குப் போகலாம். இந்தத் தடவை பொய் சொல்லவேண்டாம். நிஜமான ரத்தம் இருக்கிறது. யாரும் கேள்வி கேட்க முடியாத காரணம்.

"வா, போலாம்" என்றேன். சிட்டாகப் பறந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

## ரீடிங்

எங்கள் வாசலுக்கு வந்ததும்தான், மாடியிலிருந்தே ரத்தத்தைப் பார்த்துவிட்ட ராதா இறங்கிவந்து கேட்டைத் தாழிட்டாள்.

பஞ்சை நனைத்து மணலைத் துடைத்து எடுத்தாள். மைத்ரி பல்லைக் கடித்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது, பிறகு இரண்டு தலை தெரிந்தது.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல. மடக்கு. நீட்டு. தோல்தான். எப்படி விழுந்தே?"

"கயிறு மாட்டிண்டுது."

"கட்டினது யாரு?"

மைத்ரி வாயைத் திறந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் 'நான்தான்' என்று சொல்லப்போகிறாள். அதே முகம். இரண்டு வருடம் முன்பு 'ஆமாம்மா' என்று சொன்ன அதே முகம்.

"நான்தான் சரியாக் கட்டல" என்றேன் அவசரமாக.

ராதா என்னைப் பார்க்கவில்லை. கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்ல. இந்தத் தடவை செயின்னு சொல்லல."

தெரு அப்படியே நின்றது. குக்கர்கூட நின்றுவிட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"லேப்ல பசங்க சோதனையே பண்ணாம ரீடிங் மட்டும் எழுதிண்டு வந்து நிப்பா. மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். அன்னிக்கு நீங்க அப்படித்தான் வந்து நின்னேள். செயின் மாத்தினேன்னு சொல்ற கையில ஒரு நகத்துக்கடியிலகூடக் கறுப்பு இல்ல." முடிச்சுப் போட்டாள். "அதுகூடப் போகட்டும். இவ ஆமான்னாளே, அதைத்தான் என்னால தாங்க முடியல. அண்ணா பரஸ்தானம்னதும் சரின்னேன். உங்களுக்குத் திரும்பி வரதுக்கு வீடு இல்லாம நாலு நாள் இருக்கட்டும்னு நெனச்சேன்."

ஒருவருக்கும் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபம் என்றால் பதில் சொல்லலாம்.

ராதா பெட்டியை மூடினாள். "மைத்ரி, இது உன் கை. முடியலேன்னா உள்ள வா. நான் கேட்டைத் திறக்கறேன். அண்ணா அடுத்த மாசம் வேற நாள் பாப்பான். அப்பா மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணாதே."

மைத்ரி உடனே என் முகத்தைப் பார்த்தாள்.

நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். காலையில் கழுவிய வாசல் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே என் கட்டில் இருந்தது, என் மின்விசிறி இருந்தது, நாற்பதாம் பக்கத்தில் நின்ற நோட்டு இருந்தது.

"செயின் அறுந்துபோகல" என்றேன். "அன்னிக்கு எனக்குத் திரும்பணும்போல இருந்தது, அவ்ளோதான். காரணம் ஒண்ணும் இல்ல. உன்னையும் பொய் சொல்ல வெச்சேன். இன்னிக்கும் உன் கையில ரத்தத்தைப் பாத்தப்போ, திரும்பிடலாம்னு எனக்கு சந்தோஷமா இருந்தது."

"சந்தோஷமாவா?"

"ஆமா."

"நான் ஆட்டோவுக்கு முன்னாடி விழுந்து கெடக்கேன், உனக்கு சந்தோஷமா?"

"ஆமா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். காறித் துப்புவதுபோல் ஒரு சிரிப்பு வந்தது. "சீ, என்ன மனுஷன்ப்பா நீ."

"நான் உள்ள வரல" என்றேன். "நீ உள்ள போனாலும் கோவம் இல்ல. கை வலிக்கும், போய்ப் படுத்துக்கோ. நான் குப்பத்துக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை காலம்பற கிளம்பிடுவேன். நீ வரலேன்னா தனியாப் போவேன். சிதம்பரம் போயிட்டுத்தான் இந்தப் படியை மிதிப்பேன்."

சொல்லி முடித்ததும் அந்தப் பழைய கை தோளில் விழும் என்று காத்திருந்தேன். விழுந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் ஒரு சுமை. மற்ற மூட்டைகளோடு அதுவும் வரட்டும்.

மைத்ரி ஸ்கூட்டரில் இருந்து இறங்கினாள். கேட்டருகே போனாள். ராதா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"பாத்ரூம் போகணும்" என்றாள் மைத்ரி.

ராதா யோசித்தாள். "எதிராத்துல போயிட்டு வா. அவாதான் ஜன்னல்லயே நிக்கறாளே, கேட்டுக்கோ."

போய்விட்டு வந்தவள் என் பக்கம் திரும்பாமல் நேரே தன் சைக்கிளிடம் போனாள். "கயித்தை அவுரு. நானே கட்டிக்கறேன்."

ஒரு கையாலும் பல்லாலும் கட்டினாள். நான் பையை மட்டும் பிடித்துக்கொண்டேன். நுனியை இரண்டு தடவை உள்ளே சொருகினாள். ராதா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட்டைத் திறந்து, உள்ளே போய், மறுபடி தாழிட்டாள். படியேறும்போது முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

## குப்பம், பிறகு பாலம்

ஸ்டெல்லா வலைகளுக்கு நடுவே வழி விட்டுக்கொண்டே எங்களை மேலே அழைத்துப்போனார்.

"மிஸ்ஸு போன் பண்ணிச்சு. மீனு துண்ணுமான்னேன், இல்லன்னிச்சு. முட்டையாச்சும் துண்ணுமான்னேன், அதுவும் இல்லன்னிச்சு. பின்ன இன்னாத்த வெச்சி நான் இந்தப் பொண்ண தேத்தறது?" மைத்ரியின் முழங்கைக் கட்டைப் பார்த்தார். "மூணு நாளா ஊருக்குப் போறோம் ஊருக்குப் போறோம்னு ஊருக்குள்ளயே சுத்திக்கினு கீறீங்களாமே. எங்க ஊட்டுக்காரரு இப்டி பண்ணா கட்டுமரம் கரையிலயே மக்கிப்பூடும்."

"அதுக்குப் பேரு பரஸ்தானம் ஆன்ட்டி" என்றாள் மைத்ரி.

"இன்னாவோ. தயிர்சோறு கீது. துண்ணுட்டுப் படு."

சனிக்கிழமை முழுக்க அவள் முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மடக்கும்போதெல்லாம் முகம் சுருங்கியது. சாயங்காலம் முப்பது கிலோமீட்டர் ஓட்டியே தீருவேன் என்றாள். வேண்டாம் என்றேன். நீ வேணா படுத்துக்கோ என்றாள். எலியட்ஸ் கடற்கரையோரம் முன்னும் பின்னுமாக, முப்பது ஆகும்வரை ஓட்டினோம். எனக்குத் தொடை எரிந்தது. நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஞாயிறு. படகுகள் திரும்பிவரும் நேரத்துக்குக் கிளம்பினோம். திருவான்மியூர், நீலாங்கரை, உத்தண்டி. நகரம் ஒரு பழைய சட்டையைப்போல மெல்ல மெல்லக் கழன்றது. காற்று எதிரே வந்தது. என் சந்திராஷ்டமமும் கூடவே வந்துகொண்டிருந்தது.

முட்டுக்காடு பாலத்தில் நடுவே போனதும் மைத்ரி ஓரம் கட்டினாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம்.

"இங்கதானே?"

"இன்னும் கொஞ்சம் முன்னாடி. அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட."

அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கம்பம்வரை போனாள். நானும் போனேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு எப்படி இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அன்று இருந்ததுபோலவேதான் இருந்தது என்று சொல்லியிருப்பேன். கம்பத்தைத் தாண்டிச் சக்கரம் நான்கு முறை சுற்றும் தூரம் தள்ளினோம்.

அங்கே நின்று அவள் தண்ணீர் குடித்தாள். பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். நகரத்துக்குள் நான்கு நாளும் அவள்தான் முன்னால் போயிருந்தாள், எந்தச் சந்தில் திரும்புவது என்பதைக்கூட என்னிடம் விடாமல்.

"இதுக்கு மேல எனக்கு வழி தெரியாது" என்றாள். "நீ முன்னாடி போ."

கல்பாக்கம்வரை ஒரே நேர்சாலை. அது அவளுக்கும் தெரியும். நான் முன்னால் போனேன்.